உடைக்கப்பட்ட கடை சொல்லும் பாடம்

பூட்டிய கடையில் திருட்டு நடக்க மூன்று சேர வேண்டும்: திருடும் எண்ணத்தோடு ஓர் ஆள், தூக்கிச் செல்லத் தக்க ஒரு பொருள், தடுக்க எவரும் இல்லாத ஒரு நேரம். அமெரிக்கச் சமூகவியலாளர்கள் லாரன்ஸ் கோஹனும் மார்கஸ் ஃபெல்சனும் 1979-இல் குற்றங்களை இப்படி விளக்கினார்கள். இந்த மூன்றில் முதலாவது கடைக்காரரின் கையில் இல்லை. மற்ற இரண்டும் பெருமளவு அவர் கையில் உள்ளவை. உள்ளே நுழைவதைக் கடினமாக்குவது, நுழைந்தால் அகப்படும் அபாயத்தைக் கூட்டுவது, நுழைந்தாலும் கிடைப்பதைக் குறைப்பது என்ற மூன்று வழிகளில் கடைப் பாதுகாப்பு முழுவதையும் அடக்கிவிடலாம்.

முன்வாசல்

தமிழ்நாட்டின் சிறு கடைகளுக்கு ஷட்டர்தான் கதவு. மடிப்புத் தகடுகள் கோத்த திரை, அது ஏறி இறங்கும் இரு பக்கச் சேனல்கள், அடிப்பட்டை, தரையோடு பிணைக்கும் பூட்டுகள் ஆகியவை சேர்ந்ததே ஷட்டர். இரு ஓரங்களிலும் மட்டும் பூட்டினால் நடுப்பகுதியைக் கடப்பாரையால் நெம்பித் தூக்க முடியும். நடுவில் மட்டும் பூட்டினால் ஓரத்தை வளைக்க முடியும். ஆகவே இரண்டு ஓரமும் நடுவும் சேர்த்து மூன்று இடங்களில் பூட்டு தேவை. அகலமான ஷட்டருக்கு உள்பக்கம் குறுக்குக் கம்பியோ, ஷட்டருக்குப் பின்னால் ஒரு கிரில் கதவோ இருந்தால் நெம்புவதற்கு ஆகும் நேரம் பல மடங்கு கூடும்.

பூட்டின் தரத்தைப் பார்ப்பவர்கள் பூட்டு மாட்டப்படும் நாதாங்கியைப் பார்ப்பதில்லை. திண்டுக்கல் பூட்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. நெம்புகோல்களை அடுக்கிக் கையால் செய்யும் அந்தப் பூட்டின் பெயர் நாடறிந்தது. ஆனால் எவ்வளவு நல்ல பூட்டாக இருந்தாலும், துருப்பிடித்த நாதாங்கியிலோ சிமெண்டு பெயர்ந்த தரைக் கொக்கியிலோ மாட்டினால் பயனில்லை. உடைப்பவர் பூட்டைத் தொடாமலே அது மாட்டியிருக்கும் இரும்பைப் பெயர்த்துவிடுவார். பூட்டின் வளைவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் இரும்பு வெட்டும் கருவிக்கு அது எளிது. வளைவு தெரியாதபடி உடலுக்குள் மறையும் பூட்டுகள் அதனால்தான் ஷட்டர்களுக்கு ஏற்றவை.

கூரை, பின்சுவர், காற்றுவழி

முன்வாசலை மட்டும் பலப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய எடுத்துக்காட்டுகள் உண்டு. 2019 அக்டோபர் 2 அதிகாலை, திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் அருகே ஒரு நகைக்கடையின் பின்சுவரில் துளையிட்டு நுழைந்த முகமூடி ஆட்கள் சுமார் 13 கோடி ரூபாய் மதிப்புள்ள நகைகளை எடுத்துச் சென்றார்கள். மோப்ப நாயைத் திசைதிருப்ப மிளகாய்ப் பொடியும் தூவியிருந்தார்கள். 2021 டிசம்பரில் வேலூரில் ஒரு நகைக்கடையிலும் பின்சுவர் துளைக்கப்பட்டது. உள்ளே வந்தவர் கண்காணிப்புக் கேமராக்களின் மேல் ஸ்பிரே அடித்து மறைத்தார். 2023 நவம்பரில் கோவை காந்திபுரத்தில் ஒரு நகைக்கடைக்குள் நுழைந்தவர் ஏசி குழாய் செல்லும் வழியைப் பயன்படுத்தினார். காவலாளியும் கேமராவும் வைக்க வசதியுள்ள பெரிய கடைகள் இவை. மூன்றிலும் முன்கதவு அசையவில்லை.

சிறு கடைகளில் இந்தப் பலவீனம் இன்னும் கூடுதல். ஆஸ்பெஸ்டாஸ் அல்லது தகர ஷீட் போட்ட கூரையில் நாலு ஆணியைக் கழற்றினால் ஆள் இறங்க வழி கிடைத்துவிடும். பின்சந்தில் உள்ள ஒற்றைச் செங்கல் சுவரைக் கன்னமிட ஒரு கடப்பாரையும் அரைமணி நேரத் தனிமையும் போதும். கழிப்பறை ஜன்னல், எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டிய துளை, பக்கத்துக் கடைக்கும் இதற்கும் பொதுவான பரண் ஆகியவை கவனத்துக்கே வராத வாசல்கள். ஷீட்டுக்கு அடியில் வெல்டு செய்த கம்பி வலையும், ஃபேன் துளைக்கு உள்ளிருந்து பொருத்திய கிரில்லும், பின்கதவுக்கு உள்தாழும் குறுக்குச் சட்டமும் இருந்தால் இவற்றில் பெரும்பகுதி அடைபட்டுவிடும். அவற்றைவிடச் செலவில்லாத வேலை, பின்புறம் அடுக்கிய காலிப் பெட்டிகளையும் சுவரோரம் சாய்த்த ஏணியையும் அப்புறப்படுத்துவது. கூரைக்கு ஏறும் படியைக் கடைக்காரரே அமைத்துக் கொடுத்துவிடக் கூடாது.

திருட்டைத் தடுக்க ஷட்டரிலோ கம்பியிலோ மின்சாரம் பாய்ச்சுவது எந்தக் காரணத்தாலும் கூடாது. அது சட்டவிரோதம், காலையில் கடை திறக்க வரும் பணியாளோ தெருவில் ஓடும் குழந்தையோ பலியாகலாம். உயிர் போனால் வழக்கு கடைக்காரர் மேல்தான் வரும்.

உள்ளே என்ன இருக்கிறது

திருடர்கள் எல்லாப் பொருளையும் சமமாக மதிப்பதில்லை. எளிதில் மறைக்கவும், தூக்கவும், உடனே விற்கவும் முடிகிற பொருள்தான் முதலில் போகும். செல்போன், சிகரெட், பேட்டரி, செம்புக் கம்பி, பால் பவுடர், விலையுயர்ந்த சோப்பு, ரேசர் போன்றவை இந்த வகை. நூறு கிலோ அரிசி மூட்டையைவிட ஒரு பை சிகரெட் பாக்கெட் அவர்களுக்கு லாபம். ஆகவே கடையில் உள்ள அத்தனை சரக்கையும் காப்பதைவிட, இந்தச் சிலவற்றை இரவில் தனியே ஓர் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டுவது பயனுள்ளது. அலமாரி தரையோடும் சுவரோடும் போல்ட் போடப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் அலமாரியே வண்டி ஏறிவிடும்.

ரொக்கத்தைப் பொறுத்தவரை, கடையில் இரவு தங்கும் தொகை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. யுபிஐ வழியே பணம் வாங்குவது பரவிய பிறகு கல்லாவில் சேரும் ரொக்கம் பல கடைகளில் குறைந்திருக்கிறது. மிச்சத்தை மாலையிலேயே வங்கியிலோ பணம் செலுத்தும் இயந்திரத்திலோ போட்டுவிடலாம். தினமும் ஒரே நேரத்தில், ஒரே வழியில், ஒரே பையோடு போவது வேறோர் ஆபத்தை வரவழைக்கும். பணம் இல்லாத கல்லாப்பெட்டியை இரவில் திறந்தே வைப்பது நல்லது. பூட்டியிருந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று நினைத்து அதையும் உடைப்பார்கள். சில்லறைக்காகப் பெட்டியின் விலையும் போகும்.

ஒலியும் ஒளியும் கேமராவும்

உடைப்பவருக்கு வேண்டியது இருட்டும் நேரமும். கடைமுன்னும் பின்சந்திலும் விடிய விடிய எரியும் விளக்கு முதலாவதைப் பறிக்கும். அலாரம் இரண்டாவதைப் பறிக்கும். ஷட்டர் அசைந்தால் ஒலிக்கும் சென்சாரும், உள்ளே ஆள் நடமாட்டத்தை உணரும் சென்சாரும், கைபேசிக்கு அழைப்பு விடுக்கும் கருவியும் சேர்ந்த அமைப்புகள் இப்போது சிறு கடைக்காரர்களுக்கும் எட்டும் விலையில் கிடைக்கின்றன. எலியும் பூனையும் இரவெல்லாம் அதை அலற வைத்தால் நாலாம் நாள் யாரும் எழுந்து பார்க்க மாட்டார்கள். சென்சாரைப் பொருத்தும் உயரமும் கோணமும் அதனால் முக்கியம்.

சென்னை மாநகரக் காவல்துறை ‘மூன்றாவது கண்’ என்ற பெயரில் கேமராக்களைப் பரப்பிய பிறகு, கடைக்குக் கடை கேமரா வந்துவிட்டது. ஆனால் கேமரா திருட்டைத் தடுப்பதைவிட, நடந்ததைக் காட்டுவதற்கே அதிகம் உதவுகிறது. அதற்கும் சில நிபந்தனைகள் உண்டு. கூரையோரம் மாட்டிய கேமராவில் தலைமுடிதான் தெரியும். வாசலைப் பார்த்து முக உயரத்தில் ஒன்றாவது வேண்டும். பதிவுப் பெட்டியைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தால் திருடர் போகும்போது அதையும் எடுத்துச் செல்வார். அதை மறைவான இடத்தில் பூட்டி வைக்கலாம், அல்லது பதிவு இணையம் வழியே வேறிடத்தில் சேமிக்கப்பட ஏற்பாடு செய்யலாம். மின்தடையில் இயங்க யுபிஎஸ் தேவை. கடிகாரம் சரியான நேரத்தைக் காட்ட வேண்டும். மாதம் ஒருமுறையாவது பழைய பதிவை ஓடவிட்டுப் பார்த்தால்தான் கேமரா வேலை செய்கிறதா என்பது தெரியும்.

பூட்டும் வேளையின் ஒழுங்கு

கருவிகள் எல்லாம் இருந்தும் கடை பறிபோவதற்கு மனித மறதி காரணமாகிறது. வாடிக்கையாளர் போல் வந்து பரணிலோ கழிப்பறையிலோ ஒளிந்துகொண்டு, கடை பூட்டிய பிறகு வெளிவருபவர்களும் உண்டு. எனவே பூட்டுமுன் ஒவ்வொரு மூலையையும் பார்ப்பது, பின்கதவுத் தாழை இழுத்துப் பார்ப்பது, அலாரத்தை இயக்குவது என்ற வரிசையை ஓர் அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டிவைத்தால் அவசரத்தில் எதுவும் விடுபடாது. சாவிக்கும் கணக்கு வேண்டும். வாடகைக் கடையில் புகுந்ததும் முன்பிருந்தவர் பயன்படுத்திய பூட்டுகளை மாற்றிவிட வேண்டும். சாவி வைத்திருந்த பணியாளர் வேலையை விட்டுப் போனால், அவர் நல்லவரா என்ற ஆராய்ச்சி இல்லாமலே பூட்டை மாற்றுவது வழக்கமாக இருக்க வேண்டும்.

தனிக்கடை தாங்காத செலவைத் தெரு தாங்கும். பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு கூர்க்காவுக்குச் சம்பளம் கொடுக்கலாம். சந்துக்குப் பொதுவாக விளக்கு போடலாம். ரோந்துக் காவலர் வந்து கையெழுத்திடும் பட்டா புத்தகத்தை அந்த வீதியிலும் வைக்கச் சொல்லிக் காவல் நிலையத்தில் கேட்கலாம்.

உடைபட்ட பிறகு

காலையில் ஷட்டர் வளைந்து கிடப்பதைக் கண்டால் உடனே உள்ளே போகக் கூடாது. வந்தவர் இன்னும் உள்ளே இருக்கலாம். 100 அல்லது 112 எண்ணுக்குச் சொல்லிவிட்டு, காவலர் வரும்வரை எதையும் தொடாமல் இருப்பது முறை. சிதறிக் கிடப்பதைக் கூட்டிப் பெருக்கினால் கைரேகையும் காலடித் தடமும் அழியும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 331-ஆம் பிரிவு, இரவில் திருடும் நோக்கத்தோடு கட்டடத்தை உடைத்து நுழைவதற்கு 14 ஆண்டுகள் வரை சிறை விதிக்க இடமளிக்கிறது. பொருள்களைப் பாதுகாத்து வைக்கும் கட்டடத்தில் திருடுவது 305-ஆம் பிரிவின்கீழ் வரும். தண்டனை 7 ஆண்டுகள் வரை. முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார் கொடுத்தவர் இலவசமாகப் பெறலாம். எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்யும் உரிமை உண்டு. கேமராப் பதிவைச் சாட்சியமாகக் கொடுக்கும்போது பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழும் தேவைப்படும்.

புகாரில் என்ன போனது என்று எழுத, என்ன இருந்தது என்பது தெரிந்திருக்க வேண்டும். கொள்முதல் பில்களும் இருப்புப் பட்டியலும் கடைக்குள்ளேயே இருந்தால் கலைந்து போகலாம். நகல் வீட்டிலோ கைபேசியிலோ இருப்பது நல்லது. செல்போன் கடைக்காரரிடம் ஒவ்வொரு கருவியின் ஐஎம்இஐ எண்ணும் இருந்தால் தேடுவது எளிது. மீட்ட பொருளை நீதிமன்றம் வழியே திரும்பப் பெறவும் பில்தான் ஆதாரம்.

காப்பீட்டில் பலர் ஏமாற்றம் அடைவது ஒப்பந்தத்தைப் படிக்காததால். தீ விபத்துக் காப்பீடு கன்னமிட்ட திருட்டுக்கு ஈடு தராது; அதற்குத் தனியான பிரிவு வேண்டும். அந்தப் பிரிவிலும் பலாத்காரமாக உடைத்து நுழைந்ததற்கான அடையாளம் கேட்பார்கள். அப்படி ஒரு நிபந்தனை பாலிசியில் இருந்தால் வெறும் திருட்டுக்கு இழப்பீடு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2004-இல் தீர்ப்பளித்துள்ளது. சரக்கின் மதிப்பைக் குறைத்துக் காட்டுவதும் இழப்பு. 10 லட்சம் ரூபாய் சரக்கை 6 லட்சத்துக்குக் காப்பீடு செய்தவருக்கு 2 லட்சம் நஷ்டம் ஏற்பட்டால், விகிதப்படி 1,20,000 ரூபாய்தான் கிடைக்கும்.

இரண்டாம் முறை வருவதற்கு முன்

ஒருமுறை உடைக்கப்பட்ட இடம் மறுபடி உடைக்கப்படும் வாய்ப்பு மற்ற இடங்களைவிட அதிகம். அந்த வாய்ப்பு முதல் சில வாரங்களில்தான் உச்சத்தில் இருக்கிறது. பல நாடுகளில் நடந்த குற்றவியல் ஆய்வுகள் கண்ட உண்மை இது. காரணம் சிக்கலானதல்ல. வந்தவருக்கு வழி தெரியும், சரக்கு இருக்கும் இடம் தெரியும், போன பொருளுக்குப் புதுச் சரக்கு வந்திருக்கும் என்பதும் தெரியும்.

இங்கிலாந்தில் ராச்டேல் நகரின் கிர்க்ஹோல்ட் குடியிருப்பில் 1980-களில் நடந்த முயற்சி இதை அடிப்படையாகக் கொண்டது. எல்லா வீடுகளுக்கும் ஒரே மாதிரிப் பாதுகாப்பு கொடுக்காமல், அப்போதுதான் திருட்டுக்கு ஆளான வீடுகளுக்கு முதலில் கவனம் கொடுத்தார்கள். திருடர்கள் எந்த வழியாக நுழைந்தார்கள் என்று கேட்டு அந்த வழியையே அடைத்தார்கள். காசு போட்டு இயக்கும் எரிவாயு, மின் மீட்டர்களுக்குள் சேர்ந்த சில்லறையே பல திருட்டுகளுக்குக் காரணம் என்று கண்டு அவற்றை அகற்றினார்கள். சுற்றியுள்ள சில வீட்டாரைக் கண்காணிப்பில் சேர்த்தார்கள். மூன்றாண்டுகளில் திருட்டு ஏறத்தாழ முக்கால் பங்கு குறைந்தது.

கடைக்காரருக்கும் அதே முறை பொருந்தும். திருட்டு நடந்த மறுநாளே நான்கு விவரங்களை ஓர் ஏட்டில் எழுதிவைக்கலாம்: எந்த வழியாக வந்தார்கள், எதை எடுத்தார்கள், எதை விட்டுப் போனார்கள், ஏன் எவருக்கும் கேட்கவில்லை. விட்டுச் சென்ற பொருள்களின் பட்டியலும் பயனுள்ளது. எது பாதுகாப்பாக இருந்தது என்பதை அது காட்டும். கூரை வழியே திருட்டு போன கடையில் ஷட்டருக்குப் புதுப் பூட்டு வாங்குவது அடிக்கடி நடக்கும் தவறு. மனம் ஆறுதல் அடையும், கூரை அப்படியே இருக்கும். யார் அஜாக்கிரதையாக இருந்தார் என்று தேடிப் பணியாளரைத் திட்டுவதும் அப்படியே. அடுத்த முறை அவர் தாழ் போட மறந்தால் அதை மறைக்கத்தான் பழகுவார்.

திருட்டு முழுமையடையாத சம்பவங்களும் அந்த ஏட்டில் சேர வேண்டும். ஷட்டர் ஓரத்தில் கடப்பாரைக் கீறல், நகர்ந்திருக்கும் ஷீட், காலையில் அணைந்து கிடக்கும் விளக்கு, திசை திருப்பப்பட்ட கேமரா போன்றவை யாரோ முயன்று பார்த்ததன் அறிகுறிகள். நஷ்டம் இல்லையே என்று விட்டுவிட்டால், சரிசெய்யக் கிடைத்த மலிவான வாய்ப்பு போய்விடும். அக்கம்பக்கக் கடைகளுக்கும் அன்றே சொல்லிவிடுவது அவசியம். ஒரு கடையில் வெற்றி கண்ட முறையை அதே வரிசையில் உள்ள அடுத்த கடையில் முயல்வது வழக்கம். ஒரே கட்டடத்தில் கூரையும் பின்சுவரும் ஒரே வகையாக இருப்பதால் ஒன்றின் பலவீனம் எல்லாவற்றுக்கும் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு கடையை வெளியிலிருந்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்தால், அடைத்த வழிகள் இன்னும் அடைபட்டே இருக்கின்றனவா, புதிதாக எதுவும் திறந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.