பதறாத காரியம் சிதறாது



முப்பத்தேழு ஆண்டுகள் ரயில்வேயில் மின்கம்பிகளோடு காலம் தள்ளியவன் நான். கணினி என் தொழில் அல்ல. இருந்தாலும், சென்ற மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திலக் நகரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் கணினி முன் உட்கார்ந்து நான் செய்த ஒரு பெரும் பிழையை இங்கே எழுதத் துணிகிறேன். நம் குடும்பங்களில் கணினி படிக்கும் பிள்ளைகள் இல்லாத வீடு குறைவு. அவர்களுக்கும், அவர்கள் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு யோசனை சொல்லும் என்னைப் போன்ற தாத்தாக்களுக்கும் இது பயன்படலாம்.

பதிவேடும் பேத்தியும்

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தள அறை ஒன்றில் சில தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து பல காலமாக ஒரு சிறு நூலகம் நடத்தி வந்தோம். திலக் நகரின் பழைய ம்ஹாடா கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிபட்டு உயர்ந்த கட்டடங்களாக எழுவதை நீங்கள் அறிவீர்கள். எங்கள் முறையும் வந்துவிட்டது. அறையைக் காலி செய்தாக வேண்டும். நூல்களைப் பெட்டியில் கட்டி ஆளுக்குக் கொஞ்சமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் பதிவேடு?

அது வெறும் பட்டியல் அல்ல. நூலின் பெயர், ஆசிரியர், வந்த தேதி, அதன் பக்கத்தில் கொடுத்தவர் பெயரும் அவரது சொந்த ஊரும். திருநெல்வேலி, பாலக்காடு, தஞ்சாவூர், குடியாத்தம் என்று ஊர்ப் பெயர்கள் வரிசையாக வரும். எழுதியவர்களில் பலர் இன்று இல்லை. மை மங்கிக்கொண்டே போகிறது. இன்னும் இரண்டு மழைக்காலம் தாங்குமா என்பதே சந்தேகம்.

"தாத்தா, இதை டேட்டாபேஸ்ல ஏத்திடலாம்" என்றாள் பி.எஸ்ஸி. ஐ.டி. படிக்கும் என் பேத்தி.

டேட்டாபேஸ் சர்வர் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு ரயில் முன்பதிவையே உதாரணமாகச் சொல்வேன். முன்பெல்லாம் ஒவ்வொரு ரயிலுக்கும் ஒரு பேரேடு. அது இருக்கும் ஜன்னலில்தான் அந்த ரயிலுக்கு டிக்கெட். ரயில்வேயின் கணினிப் பணிகளுக்காக 1986இல் க்ரிஸ் அமைப்பு ஏற்பட்டது. கணினி முன்பதிவு பரவியபின் எந்த ஜன்னலிலும் எந்த ரயிலுக்கும் இடம் கேட்கலாம் என்றானது. பத்து ஜன்னலில் பத்துப் பேர் ஒரே நொடியில் ஒரே படுக்கையைக் கேட்டாலும் ஒருவருக்கே கொடுத்து, மற்றவருக்கு "இல்லை" என்று சொல்லும் கணக்குப்பிள்ளை ஒருவர் பின்னால் வேண்டும். அந்தக் கணக்குப்பிள்ளைதான் டேட்டாபேஸ் சர்வர்.

பேத்தி தேர்ந்தெடுத்தது போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்னும் சர்வரை. 1986இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் ஆராய்ச்சியாகத் தொடங்கி, 1996இல் இப்போதைய பெயரைப் பெற்றது. காசு கொடுக்க வேண்டியதில்லை. அவள் கல்லூரியில் அதை லினக்ஸில் ஓட்டிப் பழக்கினார்கள். வீட்டில் இருப்பதோ விண்டோஸ் மடிக்கணினி ஒன்றுதான். இன்னொன்று வாங்க வசதி இல்லை. "விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட்டலாம் தாத்தா" என்றாள்.

ஒரே தண்டவாளம், இரண்டு மின்சாரம்

இது எனக்கு உடனே புரிந்தது. காரணம் நம் ஹார்பர் லைன். 1925 பிப்ரவரி 3ஆம் தேதி இந்தியாவின் முதல் மின்சார ரயில் ஓடியது விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு, இந்த ஹார்பர் லைனில்தான். 1500 வோல்ட் டி.சி. மின்சாரம். நாட்டின் மற்ற இடங்களில் 25,000 வோல்ட் ஏ.சி. பரவிய பிறகும் மும்பை நெடுங்காலம் டி.சி.யிலேயே இருந்தது. பகுதி பகுதியாக மாற்றி, கடைசியில் 2016 ஏப்ரலில் ஹார்பர் லைனும் ஏ.சி.க்கு மாறியது. நடுவில் பல ஆண்டுகள் இரண்டு மின்சாரத்திலும் ஓடக்கூடிய ரயில்களை வைத்துச் சமாளித்தோம்.

அதே 2016இல்தான் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10க்குள் லினக்ஸ் நிரல்களை ஓட்டும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. டபிள்யூ.எஸ்.எல். என்பது அதன் சுருக்கப் பெயர். முதல் பதிப்பில் உள்ளே உண்மையான லினக்ஸ் கிடையாது. ஒரு மொழிபெயர்ப்பாளர் மட்டும் உண்டு. லினக்ஸ் நிரல் கேட்பதை அவர் விண்டோஸிடம் மாற்றிச் சொல்வார். எல்லாச் சொற்களும் அவருக்குத் தெரியாது என்பதுதான் சிக்கல். "எழுதியதை வட்டில் பதித்துவிடு" என்று சர்வர் ஒரு குறிப்பிட்ட முறையில் கேட்டால், "அப்படி ஒரு வேலை இங்கே இல்லை" என்று பதில் வரும். போஸ்ட்கிரெஸின் சில பதிப்புகள் எச்சரித்துவிட்டு ஓடின; சில நின்றே போயின. 2020இல் பொதுமக்களுக்கு வந்த இரண்டாம் பதிப்பில் மொழிபெயர்ப்பாளருக்குப் பதில் உண்மையான லினக்ஸ் கர்னலையே ஒரு சிறு கணினிபோல உள்ளே வைத்துவிட்டார்கள். அதாவது, பக்கத்திலேயே தனிப் பாதை போட்டுவிட்டார்கள்.

எங்களுடையது இரண்டாம் பதிப்பு. உபுண்டு லினக்ஸை ஏற்றினோம், சர்வரை ஏற்றினோம், ஓடியது. நான் பதிவேட்டை வாசிக்க, அவள் விண்டோஸ் பக்கத்துத் திரையிலிருந்து தட்டினாள். இரண்டு வாரத்தில் சுமார் 400 நூல்கள் ஏறின.

அந்த ஞாயிற்றுக்கிழமை

அன்று காலை சர்வர் உள்ளே விடவில்லை. "பாஸ்வேர்ட் தப்புன்னு சொல்லுது தாத்தா. நான் சரியாத்தான் போடறேன்" என்றாள். நான்கு முறை போட்டோம். அதே பதில்.

"இன்ஸ்டலேஷன் கெட்டுப்போச்சு. எல்லாத்தையும் எடுத்துட்டு முதல்லேருந்து போடு" என்றேன் நான்.

"டேட்டா போயிடுமா தாத்தா?" என்று அவள் ஒரு முறை தயங்கினாள்.

"நூல் விவரமெல்லாம் கம்ப்யூட்டர்லதானே இருக்கு, எங்கே போகும்?" என்று மேதாவிபோலச் சொன்னேன். "அன்ரெஜிஸ்டர்" என்று ஒரு கட்டளை. பெயரைக் கேட்டால் ஏதோ பதிவை ரத்து செய்வதுபோல இருக்கும். உண்மையில் அது அந்த லினக்ஸின் மொத்த வட்டையும் அதிலுள்ள எல்லாவற்றோடும் அழித்துவிடும். குப்பைத் தொட்டிக்கும் போகாது. ஒரே வரி, சில நொடிகள். இரண்டு வார உழைப்பு போயிற்று.

மறுபடி எல்லாவற்றையும் ஏற்றினோம். பாஸ்வேர்ட் போட்டோம். அதே பதில்! புத்தம் புதிய சர்வரும் எங்களை உள்ளே விடவில்லை.

அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. நேற்று ஓடிய வண்டி இன்று நின்றால் ரயில்வேயில் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "என்னம்மா, போன ஞாயிற்றுக்கிழமைக்கும் இன்னிக்கும் நடுவுல இதுல ஏதாவது மாத்தினியா?" என்று கேட்டேன்.

யோசித்துச் சொன்னாள்: "புதன்கிழமை காலேஜ் பிராக்டிகலுக்காக விண்டோஸ்லயும் ஒரு போஸ்ட்கிரெஸ் போட்டேன் தாத்தா."

அதற்கு அவள் வைத்த பாஸ்வேர்டைப் போடச் சொன்னேன். கதவு திறந்தது. "நீ யார், எந்தப் பதிப்பு" என்று சர்வரையே கேட்க ஒரு கட்டளை உண்டு. கேட்டோம். தான் விண்டோஸுக்காகத் தயாரானவன் என்று அது பதில் சொன்னது.

விஷயம் இதுதான். போஸ்ட்கிரெஸ் வழக்கமாக 5432 என்ற எண்ணுள்ள வாசலில் உட்காரும். அதைப் போர்ட் என்பார்கள். புதிதாக வந்த விண்டோஸ் சர்வர் அந்த வாசலில் உட்கார்ந்துகொண்டு நம் அழைப்பை எல்லாம் வாங்கிக்கொண்டிருந்தது. லினக்ஸ் சர்வர் உள்ளே நலமாக இருந்தது. 400 நூல்களும் பத்திரமாக இருந்தன. கெடாத ஒன்றைக் கெட்டுப்போனதாக நினைத்து, என் வாயாலேயே அழிக்கச் சொல்லியிருக்கிறேன்.

மேல்கம்பியில் வேலை செய்யும்போது பவர் பிளாக் அனுமதி கையில் இல்லாமல், மின்சாரம் நின்றதைச் சோதிக்காமல், எர்த் போடாமல் ஏணியில் கால் வைக்காதே என்று எத்தனை பையன்களைத் திட்டியிருப்பேன்! வீட்டில் அந்த விதியை நானே மறந்தேன்.

பழுது தேடும் வரிசை

அன்று மாலையே ஒரு தாளில் எழுதி மடிக்கணினிப் பெட்டிக்குள் ஒட்டினோம். சப்-ஸ்டேஷனில் தொடங்கி மோட்டார் வரை படிப்படியாகப் பார்ப்பதுபோல இந்த வரிசை.

1. எந்தப் பதிப்பு? விண்டோஸ் கட்டளைத் திரையில் டபிள்யூ.எஸ்.எல். பட்டியலைக் கேட்டால் 1 அல்லது 2 என்று காட்டும். சர்வருக்கு 2 நல்லது. மாற்றும்போது பிழை வந்தால், கணினியின் பயாஸ் அமைப்பில் விர்ச்சுவலைசேஷன் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

2. சர்வர் ஓடுகிறதா? ஏற்றுவது வேறு, ஓட்டுவது வேறு. லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி வைக்கும் மேஸ்திரி சிஸ்டம்டி. டபிள்யூ.எஸ்.எல்.லில் 2022 வரை அதற்கு இடமில்லை. இன்றும் பழைய அமைப்புகளில் அணைந்தே இருக்கலாம். அப்போது "சிஸ்டம்சிடிஎல்" கட்டளை கோபித்துக்கொள்ளும். பதிலாக "சர்வீஸ்" கட்டளையால் தொடங்கலாம். அல்லது டபிள்யூ.எஸ்.எல். கான்ஃப் கோப்பில் பூட் என்ற தலைப்பின் கீழ் சிஸ்டம்டியை இயக்கி, டபிள்யூ.எஸ்.எல்.லை முழுவதும் நிறுத்தி மீண்டும் திறக்கலாம். லினக்ஸ் திரையை மூடிவிட்டால் சற்று நேரத்தில் உள்ளே உள்ள சர்வரும் நின்றுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

3. வாசலில் யார்? விண்டோஸின் "நெட்ஸ்டாட்" கட்டளை 5432இல் யார் இருக்கிறார்கள் என்று காட்டிக்கொடுக்கும். உபுண்டுவில் "பிஜி எல்எஸ் கிளஸ்டர்ஸ்" என்ற கட்டளை சர்வரின் பதிப்பு, போர்ட், நிலை மூன்றையும் ஒரே வரியில் சொல்லும். நாங்கள் லினக்ஸ் சர்வரை 5433க்கு மாற்றினோம். அதன்பின் சண்டை இல்லை.

4. பாஸ்வேர்ட் சிக்கலா? உபுண்டுவில் புதிதாக ஏற்றிய போஸ்ட்கிரெஸுக்குப் பாஸ்வேர்டே கிடையாது. லினக்ஸுக்குள் போஸ்ட்கிரெஸ் என்ற பயனராக மாறினால் அப்படியே உள்ளே விடும். அங்கே போய் ஒரு பாஸ்வேர்ட் வைத்த பிறகுதான் விண்டோஸ் பக்கத்திலிருந்து வர முடியும். உள்ளே போக முடிந்தால் சர்வர் நலம், வழியில்தான் கோளாறு என்று அறியலாம். இந்த ஒரு சோதனையை அன்று செய்திருந்தால் போதும்.

5. தரவு எங்கே? சர்வரின் தரவை விண்டோஸின் சி டிரைவில் வைக்க ஆசைப்படாதீர்கள். தன் தரவுக் கோப்புறையைத் தானன்றிப் பிறர் தொடக்கூடாது என்பது போஸ்ட்கிரெஸின் பிடிவாதம். சி டிரைவில் அந்த அனுமதிகள் வழக்கமாகச் சரியாக அமைவதில்லை, வேகமும் குறையும். லினக்ஸுக்குள்ளேயே இருக்கட்டும்.

6. லாக் என்ன சொல்கிறது? லினக்ஸில் வார் என்ற கோப்புறைக்குள் லாக், அதற்குள் போஸ்ட்கிரெஸ்க்யூஎல். நடந்ததை எல்லாம் சர்வர் அங்கே எழுதி வைத்திருக்கும். கடைசிப் பத்து வரிகளைப் படிக்காமல் எதையும் நீக்காதீர்கள். எங்கள் பழைய லினக்ஸின் லாக்கில் அன்று காலை நாங்கள் கதவைத் தட்டிய தடமே இருந்திருக்காது. அந்த மௌனமே காரணத்தைச் சொல்லியிருக்கும்.

7. நகல் இருக்கிறதா? "பிஜி டம்ப்" கட்டளை முழுத் தரவையும் ஒரே கோப்பாக எடுத்துத் தரும். அதை விண்டோஸ் பக்கத்தில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று வையுங்கள். வேறொரு பெயரில் திருப்பி ஏற்றியும் பாருங்கள். ஏற்றிப் பார்க்காத நகலை நம்பக்கூடாது.

மருந்தைச் சொல்லுமுன் நோயையும் அதன் காரணத்தையும் தேடச் சொன்னவர் வள்ளுவர். கணினிக்கும் அதுவே வைத்தியம். நீக்கிவிட்டு மறுபடி போடுவது சில சமயம் பலிக்கலாம். ஆனால் காரணம் தெரியாமல் பலித்தது மறுபடியும் வரும்.

இரண்டாம் முறை

எங்களைக் காப்பாற்றியது எது என்று கேட்டால், அந்தப் பழைய காகிதப் பதிவேடுதான். அது கையில் இருந்ததால் போனது எங்கள் உழைப்பு மட்டும். பெட்டிக்குள் போன பிறகு நடந்திருந்தால், கொடுத்தவர்களின் பெயரும் ஊரும் சேர்ந்தல்லவா போயிருக்கும்!

பேத்தியிடம், "தப்பு என்னுதும்மா" என்றேன். அவள் சிரித்துவிட்டு, "வாசிங்க தாத்தா" என்று முதல் பக்கத்தைத் திருப்பினாள்.

முதல் முறை நான்தான் வாசித்தேன். தமிழ் பேசுவாளே தவிர, எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். இரண்டாம் முறை நூறு நூல் தாண்டியதும் என் தொண்டை கட்டிக்கொண்டது. மீதியை அவளே படித்துத் தட்டினாள். குடியாத்தம் என்ற சொல்லில் ஒரு நாள் தடுமாறினாள். அடுத்த வாரம் தடுமாறவில்லை. இப்போது முழுப் பதிவேடும் ஏறிவிட்டது. ஒவ்வொரு ஞாயிறும் நகல் எடுக்கிறோம்.

காகிதப் பதிவேட்டைத் தூக்கிப் போடவில்லை. அது என் அலமாரியில் இருக்கிறது.