வீட்டு ரவுட்டருக்குப் பெட்டி பார்க்கிறீர்களா?

சிறு கணினி ஒன்றை வாங்கி ரவுட்டராக்க நினைப்பவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது மென்பொருளை. ஓப்பன்டபிள்யூஆர்டி லினக்ஸைச் சேர்ந்தது. ராஸ்பெர்ரி பையிலும் ஏறும், சாதாரண கணினியிலும் ஏறும். பிஎஃப்சென்ஸும், அதிலிருந்து பிரிந்து 2015இல் வெளிவந்த ஓபிஎன்சென்ஸும் ஃப்ரீபிஎஸ்டி மீது ஓடுபவை. ஓபிஎன்சென்ஸை அதிகாரபூர்வமாக 64 பிட் இன்டெல், ஏஎம்டி செயலிகளுக்கு மட்டுமே வெளியிடுகிறார்கள். ராஸ்பெர்ரி பையை வாங்கிவிட்டு அதைத் தேடிப் பயனில்லை.

அடுத்து நெட்வொர்க் சிப். வேலை முழுவதிலும் முக்கியமான படி இதுதான். விளம்பரத்தில் '2.5 ஜி போர்ட் நான்கு' என்று இருக்கும். சிப் எதுவென்று இருக்காது. விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். ஃப்ரீபிஎஸ்டிக்கு இன்டெல் ஐ210, ஐ226-வி நல்ல தேர்வு. ரியல்டெக் சிப்பில் சுமை கூடும்போது இணைப்பு அறுவதாகப் பலர் அனுபவப்பட்டிருக்கிறார்கள். ரியல்டெக்கின் சொந்த டிரைவரைத் தனியாக ஏற்றினால் பெரும்பாலும் சரியாகும். லினக்ஸில் அந்தச் சிப் அவ்வளவு படுத்தாது. அதற்காக இன்டெல் என்ற பெயரை மட்டும் நம்பிவிடவும் கூடாது: ஐ225-வியின் தொடக்கப் பதிப்புகள் 2.5 ஜி வேகத்தில் பாக்கெட்டுகளைத் தவறவிட்டன, பி3 பதிப்பில்தான் அது தீர்ந்தது. பழைய பெட்டி மலிவாக வந்தால் இதைக் கவனியுங்கள்.

குறைந்தது இரண்டு போர்ட் வேண்டும். ஒன்றுதான் இருக்கிறது என்றால், விலான் வசதியுள்ள மேனேஜ்டு சுவிட்ச் ஒன்றைச் சேர்த்துச் சமாளிக்கலாம். யூஎஸ்பி ஈதர்நெட் அடாப்டரை நிரந்தரமாக நம்ப வேண்டாம்.

செயலியைப் பொறுத்தவரை, 6 வாட் டிடிபி கொண்ட நான்கு கோர் இன்டெல் என்100 பெரும்பாலான வீடுகளுக்குத் தாராளம். ஓப்பன்விபிஎன் ஓட்டுவதானால் ஏஇஎஸ்-என்ஐ என்ற மறையாக்க வசதி இருக்கிறதா என்று பாருங்கள். செலரான் ஜே1900இல் அது கிடையாது. வயர்கார்டுக்கு அது தேவையே இல்லை. உங்கள் ஃபைபர் இணைப்பு பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பிபிபிஓஇ வகை என்றால், ஃப்ரீபிஎஸ்டியில் உள்வரும் சுமை பெரும்பாலும் ஒரே கோரின் தலையில் விழும். அங்கே கோர்களின் எண்ணிக்கையைவிட ஒரு கோரின் வேகமே பெரிது.

ரேம் 4 ஜிபி போதும்.

வைஃபையை இந்தப் பெட்டியில் எதிர்பார்க்காதீர்கள், ஃப்ரீபிஎஸ்டி என்றால் கட்டாயம் வேண்டாம். பழைய ரவுட்டரின் டிஎச்சிபியை அணைத்து, அதை அக்சஸ் பாயின்டாக வைத்துக்கொள்ளலாம்.

பெட்டி வந்ததும் ஓபிஎன்சென்ஸை பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். எல்லா போர்ட்டும் (ஐ226-வி சிப் என்றால் ஐஜிசி0, ஐஜிசி1 என்று) வரிசையாகத் தெரிகின்றனவா என்று பார்த்து, ஓர் இரவு முழுக்கப் பெரிய கோப்புகளை இறக்கவிடுங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள்.