பாதயாத்திரையில் நோயும் துணையும்

பாதயாத்திரை என்றதும் நம்மவர் நினைவில் முதலில் எழுவது கதிர்காமமேயாம். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிற் புறப்பட்டு, வற்றாப்பளை, திருக்கோணமலை, வெருகல், மாமாங்கம், திருக்கோவில் முதலிய தலங்களை வணங்கிக் கிழக்குக் கரையோரமாகச் செல்லும் அடியார் உகந்தைமலையை அடைய ஒரு மாதத்துக்கு மேலாகும். அதுவரை ஊர்களும் அன்னதானமும் வைத்தியசாலைகளும் இடையிடையே உண்டு. உகந்தைக்கு அப்பால் குமண, யால வனங்கள். பல நாள் நடை. நல்ல நீர் அரிது. அங்கே வரும் நோயைப் பற்றியே ஈண்டுச் சில கூற விழைகின்றேன்.

இவ்வச்சம் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாந்திபேதிக்கு அஞ்சிய ஆங்கில ஆட்சியினர் கதிர்காம யாத்திரைக்குக் கட்டுப்பாடுகள் விதித்தனர். மலேரியா இந்நாட்டினின்றும் ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் 2016 ஆம் ஆண்டில் அறிவித்துவிட்டது. இன்று யாத்திரிகரை வீழ்த்துவன பெரும்பாலும் மூன்று: காற்கொப்புளம், வயிற்றோட்டம், வெயில்.

கொப்புளத்தைப் பொறுக்கலாம். வயிற்றோட்டம் அத்தகையதன்று. அதில் உடல் நீரை மட்டுமன்றி உப்பையும் இழக்கின்றது. ஆதலால் வெறுநீர் போதாது. சிறிது சீனி சேர்ந்தாற்றான் குடல் உப்பையும் நீரையும் நன்கு உறிஞ்சும். ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் மட்டமாக அள்ளிய ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து சிறிது சிறிதாகப் பருகவேண்டும். மருந்துக் கடையிற் கிடைக்கும் 'ஜீவனி'யும் இத்தகையதே. 1971 இல் வங்காள அகதி முகாம்களில் வாந்திபேதி பரவியபோது பல்லாயிரவரைக் காத்தது இவ்வெளிய கரைசலே.

வெயில் நோயோ வஞ்சகமானது. தலைவலி, குமட்டல், சோர்வு எனத் தொடங்கி அறிவையே மயக்கும். மயங்கியவன் தான் மயங்கியதை அறியான். பேச்சுத் தடுமாறுவதையும் நடை தள்ளாடுவதையும் உடன் வருபவனே காண்பான். ஆகவே, நிற்பதா நடப்பதா என்பதை நோயாளியிடம் விடலாகாது. தீர்ப்பு மற்றவருடையது என்பதை உகந்தையிலேயே இருவரும் பேசி முடித்துக்கொள்ளல் வேண்டும்.

2018 ஆம் ஆண்டு என்னுடன் வந்தவர் சக ஆசிரியர் ஒருவர். கும்புக்கன் ஆற்றைக் கடந்த மறுநாள் எனக்கு வயிற்றோட்டம் கண்டது. நேர்த்தி தடைப்படுமென்று மறைத்தேன். நண்பகலில் அவர், "மாஸ்டர், இன்றைக்கு எத்தனை தரம் சலம் போனது?" என்று வினவினார். காலையிலிருந்து போகவில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். பாலைமர நிழலிற் கிடத்தி, ஈரத்துணி போர்த்து, ஐந்து நிமிடத்துக்கொரு தரம் இரண்டு மிடறு கரைசல் புகட்டினார். கூட்டம் 'அரோகரா' ஒலியுடன் எம்மைக் கடந்து சென்றது. மறுநாள் அவ்வழி வந்த வண்டியொன்றில் உகந்தைக்குத் திரும்பினோம்.

அவரிடம் பல நாள் மனத்தாங்கல் கொண்டிருந்தேன் என்பதை மறைத்தற்கில்லை. கயிலைக்குச் சென்ற அப்பரடிகள் கால் தேயக் கையாலும், கை தேய மார்பாலும் ஊர்ந்தார் என்று சேக்கிழார் பாடியதை வகுப்பிற் பலமுறை படிப்பித்தவன் யான். முனிவராய் வந்த இறைவன் அவரைத் திரும்புமாறு பணித்ததும், அவர் கயிலைக் காட்சியைத் திருவையாற்றிலேயே கண்டதும் அதே புராணத்தில் உள்ளனவே! அப்பகுதியை விரைந்து கடந்துவிடுவது என் வழக்கமாயிருந்தது.

நண்பர் தம் மகளின் பொருட்டு நேர்த்தி வைத்து நடந்தவர் என்பதை ஊர் வந்தபின் அவர் மனைவி கூறவே அறிந்தேன். அதுபற்றி அவர் வழியில் ஒரு சொல்லும் சொன்னாரல்லர்.