எண்கள் இசையாவது எப்படி?

பல்லாண்டுகள் கரும்பலகையின் முன் நின்று பழகியவனுக்கு, எதிரில் முகங்களைக் காணாமல் பேசுவது சற்றுக் கடினமே. ஆயினும் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருளுக்கு இந்நிலை பொருந்தும். கண்ணை ஒதுக்கிவைத்துக் காதை மட்டும் நம்பி ஒன்றை மதிப்பிடுவது பற்றியே பேசப் போகிறேன்.

என் வீட்டில் ஒரு பழைய கேசட் இருக்கிறது. 1987-ஆம் ஆண்டில், எங்கள் மகன் சிறு பிள்ளையாயிருந்தபோது, என் மனைவி பாடிய தாலாட்டுக்கள் சில அதில் பதிவாகியுள்ளன. அவர் இன்று இல்லை. நாடா நலிந்து வருவதைக் கண்ட மகன், சில ஆண்டுகளுக்கு முன் அதைக் கணினியில் ஏற்றிக் கொடுத்தான். மடிக்கணினியில் அதைக் கேட்டால் பாட்டின் பின்னே 'உஸ்' என்ற இரைச்சல். மவுசை நகர்த்தும்போதெல்லாம் வண்டு ரீங்கரிப்பது போன்ற ஒரு மெல்லொலி. “ஒரு 'டாக்' வாங்குங்கள் தாத்தா, சரியாகிவிடும்” என்றாள் பன்னிரண்டாம் வகுப்பில் பயிலும் என் பேத்தி. நான்காயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவான விலையில் ஒன்று வாங்கினேன். நான்கு தீப்பெட்டிகளைச் சேர்த்து வைத்தாற்போன்ற சிறு பெட்டி அது. எண்களை வாங்கி மின்னலையாகத் திருப்பித் தருவதே அதன் தொழில்.

இங்கே சற்று நின்று விளங்கிக்கொள்வோம். ஒலியென்பது காற்றழுத்தத்தின் ஏற்றத்தாழ்வு. மைக் அதனை மின்னழுத்தத்தின் ஏற்றத்தாழ்வாக மாற்றுகிறது. காய்ச்சல்காரரின் வெப்பத்தைச் செவிலி மணிக்கொருமுறை அளந்து தாளில் குறிப்பதுபோல, இந்த மின்னழுத்தத்தையும் ஒழுங்கான இடைவெளியில் அளந்து எண்களாகக் குறித்துவைப்பதுதான் டிஜிட்டல் பதிவு. 1982-இல் விற்பனைக்கு வந்த காம்பாக்ட் டிஸ்க்கில் நொடிக்கு 44,100 முறை இவ்வாறு அளக்கிறார்கள். ஒவ்வோர் அளவும் 0, 1 என்னும் இரண்டே இலக்கங்களாலான 16 இலக்க எண்; எனவே 65,536 படிகளுள் ஏதேனும் ஒன்றில் அது அமையும். தொலைபேசியில் பேச்சை இவ்வாறு எண்ணாக்கி அனுப்பும் முறையை 1937-இல் வகுத்தவர் அலெக் ரீவ்ஸ் என்னும் ஆங்கிலப் பொறியாளர்.

“இரண்டு அளவுகளுக்கு இடையில் நிகழ்ந்தது தொலைந்துபோகாதா, ஐயா?” என்று உங்களுள் ஒருவர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. எனக்கும் இது நெடுநாள் உறுத்தியது. விடை வியப்பானது. அளக்கும் வேகத்தில் பாதியை, அதாவது இங்கே 22,050 ஹெர்ட்ஸை, எட்டாத அலைகளே பதிவில் இருக்குமாயின், அந்த எண்களின் வழியே செல்லத்தக்க வளைகோடு ஒன்றே ஒன்றுதான். இதற்குரிய நிரூபணத்தைக் கிளாட் ஷானன் 1949-இல் எழுதி வெளியிட்டார். மனிதச் செவிக்கு எட்டும் உச்சவரம்பு ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ். ஆதலால் டிஜிட்டல் இசை படிக்கட்டுப்போல் கரடுமுரடாக ஒலிக்கும் என்று சிலர் படம் வரைந்து காட்டுவது தவறு. மாற்றியின் இறுதியிலுள்ள வடிப்பான் அப்படிகளை வழித்துவிடுகிறது.

சரி, எண் எவ்வாறு மின்னழுத்தமாகிறது? தராசின் எடைக்கற்களை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் கல் அரைப் பங்கு, அடுத்தது கால், அதற்கடுத்தது அரைக்கால், இவ்வாறு ஒவ்வொன்றும் முந்தியதில் பாதி. எண்ணில் 1 இருக்கும் இடத்துக்குரிய கல்லை வைக்கவேண்டும். 0 இருந்தால் எடுத்துவிடவேண்டும். கற்களுக்குப் பதிலாக மின்தடைகளை ஏணிபோல் கோத்து இவ்வேலையைச் செய்விக்கலாம். ஆனால் இக்காலத்து மலிவான கருவிகளிற் பெரும்பாலானவை வேறு வழியைக் கையாளுகின்றன. சில படிகளை மட்டுமே வைத்துக்கொண்டு, நொடிக்குப் பல இலட்சம் முறை மாற்றிமாற்றிப் போட்டு, சராசரியைச் சரியாக்கிவிடுகின்றன. விளக்கை மிக விரைவாகப் போட்டுப்போட்டு அணைத்தால் கண்ணுக்கு மங்கலான ஒரே ஒளியாகத் தோன்றும் அல்லவா, அதைப் போன்றதே இதுவும்.

பெட்டியை இணைப்பது எளிது. ஆயினும் முதல் நாள் ஒரு மணி நேரம் ஓசையே எழவில்லை! யு.எஸ்.பி. கம்பியைச் செருகியிருந்தேனே தவிர, கணினியின் ஒலி அமைப்பில் இக்கருவியைத் தேர்ந்தெடுக்கவில்லை. பேத்தி சிரித்துக்கொண்டே சரிசெய்தாள். பெட்டியிலிருந்து ஆம்ப்ளிபயருக்கு இரட்டைக் கம்பி செல்லும்: சிவப்பு வலம், வெள்ளை இடம். ஒலியளவைச் சுழியத்தில் வைத்துவிட்டே இணைக்கவேண்டும். இசைத்தட்டுக்கென்று தனியே உள்ள துளையில் செருகலாகாது. அது மிக மெலிந்த மின்னலைக்காக அமைந்தது. பிறகு 'உம்' என்ற ஓசை கேட்டது. கணினியின் சார்ஜரைப் பிடுங்கியதும் அது நின்றது. சார்ஜரையும் ஆம்ப்ளிபயரையும் ஒரே பலகையில் செருகியபின் பெரிதும் குறைந்தது. இந்த ஓசையை ஒழிக்க மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை ஒடிப்பவர்களைக் கண்டிருக்கிறேன். அது உயிருக்கே ஆபத்து; ஒருபோதும் செய்யாதீர்கள்.

இனிதான் சோதனை. புதிய பொருள் வாங்கியவனின் செவி நடுநிலையான சாட்சியன்று. மேலும், இரண்டினுள் எது சற்றே உரக்க ஒலிக்கிறதோ அதுவே இனிமையானது என்று மனம் தீர்ப்பளித்துவிடும். ஆகவே 100 ஹெர்ட்ஸ் ஒலியைப் போட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து, எல்லாக் கருவிகளின் அளவையும் ஒன்றாக்கினோம். பேத்தி என் பின்னால் அமர்ந்து, நாணயத்தைச் சுண்டி, விழுந்தபடி கருவியை மாற்றினாள். எது ஒலிக்கிறது என்று நான் சொல்லவேண்டும். பதினாறு முறை. வெறும் ஊகத்தால் பன்னிரண்டும் அதற்கு மேலும் சரியாக வருவதற்கு 65,536-இல் 2,517 வாய்ப்பே உண்டு. நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. (அதே 65,536 இங்கும் வந்து நிற்பதைக் கவனித்தீர்களா? இரண்டைப் பதினாறு முறை பெருக்கினால் வேறென்ன வரும்!)

மடிக்கணினியின் சொந்தத் துளைக்கும் புதிய பெட்டிக்கும் நடந்த போட்டியில் பதினைந்து சரி. பாட்டின் மௌனங்களில் அந்த வண்டொலி காட்டிக்கொடுத்துவிட்டது. அடுத்து, பேத்தியின் கைப்பேசியோடு வந்த, விரலளவேயான ஹெட்போன் இணைப்பானைப் பெட்டிக்கு எதிராக நிறுத்தினோம். அதற்குள்ளும் ஒரு மாற்றி உண்டு. இம்முறை எனக்கு ஒன்பது. இளஞ்செவி படைத்த அவளுக்குப் பத்து. இருவருமே ஊகித்திருக்கிறோம் என்பதுதான் பொருள். நான்காயிரம் ரூபாய் கொடுத்தவனுக்கு இது உவப்பான செய்தியன்று. ஆயினும் மதிப்பெண்ணைத் திருத்துவது ஆசிரியனுக்கு அழகா?

கேசட்டின் கதை என்ன ஆயிற்று? வண்டொலி ஒழிந்தது. 'உஸ்' இரைச்சல் அப்படியே இருந்தது. குரலின் மங்கலும் அப்படியே. ஒரு மாலை முழுதும் அதை எண்ணி வருந்தினேன். பிறகுதான் அறிவு தெளிந்தது. இரைச்சலும் மங்கலும் எண்களிலேயே எழுதப்பட்டிருந்தன. எழுதியதைப் படிப்பதே மாற்றியின் கடமை. பிழையாக எழுதியதை அது எங்ஙனம் திருத்தும்? குற்றம் பதிவேற்றிய இடத்தில் இருந்தது. மீண்டும் நாடாவை எடுத்தோம். பழைய பிளேயரின் தலைமுனையில் பழுப்பேறியிருந்த அழுக்கைச் சாராவியில் தோய்த்த பஞ்சால் துடைத்தோம். அத்தலை நாடாவுக்குச் செங்குத்தாக நில்லாமல் மயிரிழை சாய்ந்திருந்தாலும் உச்ச ஒலிகள் மங்கிவிடும். அதைச் சரிசெய்யும் சிறு திருகை, ஒலி தெளியும்வரை பேத்தியே திருப்பினாள். ஏனெனில் 12,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எனக்குக் கேட்பதில்லை என்பதை முன்னரே சோதித்து அறிந்திருந்தோம். நண்பர் ஒருவரிடம் எதிர்த்திசை மாற்றியை, அதாவது ஒலியை எண்ணாக்கும் கருவியை, இரவல் வாங்கி, உரத்த இடங்களும் அளவு மீறாதபடி மறுபடி பதிந்தோம்.

நாடாவுக்கே உரிய இரைச்சல் இன்னும் இருக்கிறது. அது 1987-ஆம் ஆண்டிலேயே அதில் குடியேறியது. ஆனால் சொற்கள் தெளிந்தன. “பாட்டி இந்த இடத்தில் மூச்சு வாங்குகிறார், தாத்தா, கேட்கிறதா?” என்றாள் பேத்தி. எனக்குக் கேட்கவில்லை. எந்த அடியில் என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன்.