மலேசியாவுக்கு போக விசா வேண்டாம். வேலை பார்த்தால் ஜெயில்!

"30 நாள் சுற்றுலா" சலுகையை காட்டி வாலிபர்களுக்கு வலை

ஏஜெண்டுகள் சொல்லாமல் மறைக்கும் சட்டங்கள்

சென்னை,

மலேசியாவுக்கு இந்தியர்கள் விசா இல்லாமல் போகலாம். இது உண்மை.

ஆனால் விசா இல்லாமல் போய் வேலை பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் அது பொய். அந்த பொய்யை நம்பி, வீட்டில் இருந்த நகையை அடகு வைத்து, கடன் வாங்கி விமானம் ஏறுகிற வாலிபர்கள் ஏராளம். போன வேகத்திலேயே திரும்பி வருகிறவர்கள் உண்டு. அங்கேயே மாட்டிக்கொண்டு ஜெயிலில் கம்பி எண்ணுகிறவர்களும் உண்டு.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

சலுகை வந்தது எப்படி?

முன்பெல்லாம் மலேசியாவை சுற்றிப்பார்க்க போகிறவர்களும் பணம் கட்டி விசா வாங்கவேண்டும். 2023-ம் ஆண்டு நவம்பர் மாதம் மலேசிய பிரதமர் அன்வர் இப்ராகிம் ஒரு அறிவிப்பு வெளியிட்டார். இந்தியா, சீனா ஆகிய 2 நாட்டு மக்களும் டிசம்பர் 1-ந் தேதி முதல் விசா இல்லாமல் வந்து 30 நாள் தங்கலாம் என்று அவர் அறிவித்தார்.

சுற்றுலா வருகிறவர்கள் செலவு செய்தால் நாட்டுக்கு வருமானம். அதற்காக கொடுக்கப்பட்ட சலுகை இது. பிறகு இந்தியர்களுக்கு இந்த சலுகை 2026-ம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி வரை நீட்டிக்கப்பட்டது. ஆகவே டிக்கெட்டு எடுக்கும் முன்பு, போகிற தேதிக்கு சலுகை இருக்கிறதா என்று ஒரு தடவை விசாரித்துக்கொள்வது நல்லது.

சென்னையில் இருந்தும் திருச்சியில் இருந்தும் கோலாலம்பூருக்கு ஏறக்குறைய 4 மணி நேர பயணம்தான். பத்துமலை முருகன் கோவிலில் 272 படி ஏறி சாமி கும்பிடலாம். 140 அடி உயர முருகன் சிலையை பார்க்கலாம். 88 மாடி இரட்டை கோபுரத்தை பார்க்கலாம். சொந்தக்காரர் வீட்டு கல்யாணத்துக்கு போய் வரலாம்.

இதற்கெல்லாம் விசா தேவை இல்லை. சம்பளத்துக்கு ஒரு நாள் தட்டு கழுவினாலும் அது வேறு கதை!

"தம்பி, விசாவே வேண்டாம்!"

ஏஜெண்டு என்று சொல்லிக்கொள்கிறவர்கள் பேசுகிற பேச்சு, ஊருக்கு ஊர் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

"தம்பி, விசாவே வேண்டாம்னு அந்த நாட்டு அரசாங்கமே சொல்லிட்டாங்க. டிக்கெட்டு போட்டு ஏறி உட்கார்ந்தா போதும். அங்கே நம்ம ஆளு வந்து கூட்டிட்டு போவாரு. ஓட்டல் வேலை. சாப்பாடு, ரூம் பிரீ. ஒரு மாசத்துல பர்மிட்டு அடிச்சு கொடுத்துடுவாங்க."

"அண்ணே, மாட்டிக்கிட்டா?"

"அதெல்லாம் நம்ம ஆளுங்க பார்த்துக்குவாங்க தம்பி. நீ பணத்தை மட்டும் ரெடி பண்ணு."

இந்த பேச்சில் முதல் வரி மட்டும்தான் பாதி உண்மை. மற்றதெல்லாம் புளுகு.

சுற்றுலா வந்தவருக்கு விமான நிலையத்தில் கொடுக்கப்படுவது "சமூக வருகை பாஸ்". அதில் வேலை பார்க்க அனுமதி கிடையாது. "ஒரு மாசத்துல பர்மிட்டு" என்பதும் நடக்கிற காரியம் அல்ல. வேலைக்கு ஆள் எடுப்பதாக இருந்தால் மலேசியாவில் உள்ள முதலாளிதான் அந்த நாட்டு அரசாங்கத்திடம் முதலில் அனுமதி வாங்கவேண்டும். அந்த அனுமதியின் பேரில் தொழிலாளி இங்கேயே விசா வாங்கிக்கொண்டுதான் விமானம் ஏறவேண்டும். நம் ஊர்க்காரர்கள் "காலிங் விசா" என்று சொல்வது இதைத்தான்.

கவுண்ட்டரில் நடப்பது என்ன?

விசா வேண்டாம் என்றால் கேள்வியே கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. விசா கொடுக்கும்போது கேட்கவேண்டிய கேள்விகளை எல்லாம் இப்போது விமான நிலைய கவுண்ட்டரிலேயே கேட்கிறார்கள்.

எத்தனை நாள் தங்கப்போகிறீர்கள்? எங்கே தங்கப்போகிறீர்கள்? திரும்பிப்போக டிக்கெட்டு எங்கே? கையில் எவ்வளவு பணம் இருக்கிறது? கூட வந்தவர் யார்? எந்தெந்த இடத்தை பார்க்கப்போகிறீர்கள்?

உண்மையிலேயே சுற்றுலா போனவர் இதற்கு கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்லிவிடுவார். வேலைக்கு போனவர் திருதிருவென்று விழிப்பார். ஏஜெண்டு கொடுத்த ஓட்டல் ரசீதை காட்டுவார். அதிகாரி அந்த ஓட்டலுக்கு போன் போட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

பதில் திருப்தியாக இல்லை என்றால் "தரை இறங்க அனுமதி இல்லை" என்று எழுதிக்கொடுத்து விடுவார்கள். அவ்வளவுதான். கொண்டுவந்த விமான கம்பெனியே திருப்பி அழைத்துப்போக வேண்டும். அந்த விமானம் கிடைக்கும் வரை விமான நிலையத்தில் ஒரு அறையில் காத்துக்கிடக்க வேண்டும். போட்ட பணம் போனது போனதுதான்.

2025-ம் ஆண்டு ஜூலை மாதம் கோலாலம்பூர் விமான நிலையத்தில் நடந்த ஒரே சோதனையில் நூற்றுக்கும் மேற்பட்ட வெளிநாட்டவர்கள் இப்படி திருப்பி அனுப்பப்பட்டார்கள். 500 ரிங்கிட்டை வைத்துக்கொண்டு ஒரு மாதம் தங்கப்போவதாக சொன்னவர்களும் அதில் இருந்தார்கள்!

10 ஆயிரம் ரிங்கிட் அபராதம்

கவுண்ட்டரை தாண்டிவிட்டால் தப்பித்தோம் என்பதும் கிடையாது.

30 நாள் முடிந்தபிறகு தங்கினால் அது குற்றம். மலேசிய குடியேற்ற சட்டத்தின் 15-வது பிரிவின்படி குறைந்தது 10 ஆயிரம் ரிங்கிட் அபராதம், அல்லது 5 ஆண்டு வரை ஜெயில், அல்லது இரண்டும் சேர்த்து கிடைக்கலாம். ரிங்கிட் ஒன்றுக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே 10 ஆயிரம் ரிங்கிட் என்பது 2 லட்சம் ரூபாய்!

விமான நிலைய கவுண்ட்டருக்கு போகாமல் வேறு வழியாக நாட்டுக்குள் நுழைந்தால் இன்னும் மோசம். 6-வது பிரிவின்படி அபராதமும் 5 ஆண்டு வரை ஜெயிலும் மட்டும் அல்ல, 6 பிரம்படி வரை கொடுக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

வேலை கொடுத்த முதலாளிக்கும் தண்டனை உண்டு. அனுமதி இல்லாத ஆள் ஒருவருக்கு 10 ஆயிரம் ரிங்கிட் முதல் 50 ஆயிரம் ரிங்கிட் வரை அபராதம். இதனால் சோதனை வருகிறது என்றதும் முதலாளிதான் முதலில் ஓடுகிறார். மாட்டிக்கொள்கிறவர் நம் ஊர் பையன்.

சம்பளம் கேட்டால், "போலீசில் சொல்லிவிடுவேன்" என்ற மிரட்டல். பாஸ்போர்ட்டையும் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். அடுத்தவர் பாஸ்போர்ட்டை இப்படி வைத்திருப்பது மலேசிய சட்டப்படியே குற்றம். பாஸ்போர்ட்டை பறிகொடுத்தவர்கள் கோலாலம்பூரில் உள்ள இந்திய ஹைகமிஷன் அலுவலகத்துக்கு போகலாம். பயந்துகொண்டு போகாமல் இருப்பவர்கள்தான் அதிகம்.

பொது மன்னிப்பு வருமா?

"அப்புறம் பொது மன்னிப்பு விடுவாங்க, பைனை கட்டிட்டு வந்துடலாம்" என்பது ஏஜெண்டுகள் சொல்கிற இன்னொரு ஆறுதல்.

2024-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி முதல் டிசம்பர் 31-ந் தேதி வரை அப்படி ஒரு திட்டம் இருந்தது. நாள் கடந்து தங்கியவர்கள் 500 ரிங்கிட்டும், பாஸ் விதிகளை மீறியவர்கள் 300 ரிங்கிட்டும் கட்டிவிட்டு ஊருக்கு திரும்பலாம் என்று அறிவித்தார்கள். 2025-ம் ஆண்டு மே மாதம் இரண்டாவது தடவையும் இப்படி ஒரு திட்டம் தொடங்கியது.

ஆனால் இது எப்போதும் திறந்திருக்கும் கதவு அல்ல. திட்டம் இல்லாத நேரத்தில் பிடிபட்டால் கோர்ட்டுதான். அதோடு, கறுப்பு பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் பிறகு முறையாக வேலை கிடைத்தாலும் அந்த நாட்டில் கால் வைக்க முடியாது.

உண்மையான பயணிகளுக்கு...

சுற்றிப்பார்க்க மட்டும் போகிறவர்கள் பயப்பட தேவை இல்லை. அவர்கள் செய்யவேண்டியது இதுதான்:-

பாஸ்போர்ட்டு குறைந்தது 6 மாதத்துக்கு செல்லுபடியாக இருக்கவேண்டும்.

போகவும் வரவும் டிக்கெட்டு இருக்கவேண்டும். தங்கும் ஓட்டலின் ரசீது வேண்டும். சொந்தக்காரர் வீட்டில் தங்குவதாக இருந்தால் அவருடைய முகவரியும் போன் நம்பரும் கையில் இருக்கட்டும்.

2024-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதியில் இருந்து "டிஜிட்டல் வருகை அட்டை" கட்டாயம் ஆக்கப்பட்டு உள்ளது. போய்ச்சேரும் நாளுக்கு முந்தைய 3 நாளுக்குள் மலேசிய குடியேற்ற இலாகாவின் இணையதளத்தில் இதை பூர்த்தி செய்யவேண்டும். குழந்தைகளுக்கும் தனித்தனியாக போடவேண்டும். இதற்கு ஒரு காசு கூட கட்டணம் கிடையாது. அதே பெயரில் போலி தளம் நடத்தி பணம் கறக்கிறவர்கள் இருக்கிறார்கள். பணம் கேட்டால் அது போலி என்று தெரிந்துகொள்ளலாம்.

கைச்செலவுக்கு போதுமான பணம் வேண்டும். ஓட்டலில் வெளிநாட்டவருக்கு ஒரு அறைக்கு ஒரு இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனி. அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்திய நோட்டாக 25 ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொண்டுபோக கூடாது.

பாஸ்போர்ட்டில் குத்துகிற முத்திரையில் எந்த தேதி இருக்கிறதோ அதுவே கணக்கு. "மாசக்கடைசியில் கிளம்பலாம்" என்று இருந்துவிட கூடாது. சபா, சரவாக் மாநிலங்களுக்கு போனால் அங்கே தனியாக குடியேற்ற சோதனை உண்டு.

"இந்த பொட்டலத்தை கொடுத்துடு"

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. விமான நிலையத்தில் முன்பின் தெரியாதவர் வந்து, "அண்ணே, மருந்து பொட்டலம். அங்கே என் தம்பி வந்து வாங்கிக்குவான்" என்று கெஞ்சுவார். இரக்கப்பட்டு வாங்கினால் தலைக்கே ஆபத்து.

மலேசியாவில் போதைப்பொருள் கடத்தினால் தூக்கு தண்டனை வரை உண்டு. 2023-ம் ஆண்டு ஜூலை 4-ந் தேதி முதல் "கட்டாய தூக்கு" என்பது நீக்கப்பட்டது. ஆனால் தூக்கு தண்டனை அடியோடு போய்விடவில்லை. தூக்கா, ஆயுள் தண்டனையா என்பதை நீதிபதி தீர்மானிப்பார். "பொட்டலத்தில் என்ன இருக்குன்னு எனக்கு தெரியாது சார்" என்று சொன்னால் மட்டும் கோர்ட்டு விட்டுவிடாது.

திரும்பி வரும்போது தங்கம் கொண்டுவர ஆள் பிடிக்கும் கும்பலும் உண்டு. "டிக்கெட்டு செலவு எங்களுடையது" என்பார்கள். இப்படி போய் வருகிறவர்களுக்கு "குருவி" என்று பெயர். சுங்க அதிகாரிகளிடம் சிக்குவது குருவிதான். அனுப்பிய ஆள் பெயர் கூட குருவிக்கு தெரியாது!

ஏஜெண்டை சோதிப்பது எப்படி?

வேலைக்கு போக விரும்புகிறவர்கள் ஏஜெண்டிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி: "உங்க லைசென்சு நம்பர் என்ன?"

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் 1983-ம் ஆண்டு குடிபெயர்வோர் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு செய்தவர்களின் பெயர் வெளியுறவு இலாகாவின் "இ-மைக்ரேட்" தளத்தில் இருக்கிறது. தொழிலாளியிடம் அவர்கள் வாங்கக்கூடிய சேவை கட்டணமும் 30 ஆயிரம் ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. என்று வரையறுக்கப்பட்டு உள்ளது. லட்சக்கணக்கில் கேட்டால் உஷார்!

10-ம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டு "இ.சி.ஆர்." வகையை சேர்ந்தது. இவர்கள் மலேசியா உள்பட 18 நாடுகளுக்கு வேலைக்கு போவதாக இருந்தால், புறப்படும் முன்பே குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியிடம் அனுமதி பெறவேண்டும். சுற்றுலாவுக்கு போனால் இந்த அனுமதி தேவை இல்லை. இந்த சந்துக்குள் புகுந்துதான் ஏஜெண்டுகள், வேலைக்கு போகிறவனையும் "டூரிஸ்டு" என்று சொல்லி அனுப்புகிறார்கள்.

பதிவு இல்லாமல் ஆள் அனுப்பினால் இந்த சட்டத்தில் 2 ஆண்டு வரை ஜெயில், 2 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். மலேசியாவில் பையன் கட்டவேண்டிய அபராதம் குறைந்தது 2 லட்சம் ரூபாய். ஏஜெண்டு கட்டவேண்டிய அபராதம் அதிகபட்சம் 2 ஆயிரம் ரூபாய்!

பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் ரசீது, வங்கி கணக்கு விவரம், போனில் வந்த தகவல்கள் ஆகியவற்றுடன் போலீசில் புகார் கொடுக்கலாம். கையில் ரொக்கமாக கொடுத்துவிட்டு ரசீது வாங்காதவர்கள் வழக்கை நிரூபிக்க திண்டாடுகிறார்கள். ஆகவே பணம் கொடுப்பதாக இருந்தால் வங்கி வழியாகவே கொடுக்கவேண்டும். வேலை ஒப்பந்தத்தையும் விசாவையும் கண்ணால் பார்க்காமல் ஒரு ரூபாய் கூட கொடுக்க கூடாது.