குளியலறைச் சுவரில் ஒரு மாடக்குழி

விடியுமுன் பிரட்டுக்குச் சென்று, மரம் சீவி, பால் எடுத்து, கொட்டகையில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் பாட்டாளி முதலில் நாடுவது குளியலறையையே. உடலில் ஒட்டிய பால் வாடையும் வியர்வையும் நீங்கக் குளித்த பின்னரே அவர் உணவில் கை வைப்பார். 'கூழானாலும் குளித்துக் குடி' என்னும் முதுமொழியை அன்றாடம் கடைப்பிடித்து வருபவர்கள் நம் தோட்ட மக்கள்.

ஆயினும், அவ்வாறு குளிக்குமிடத்தில் சவர்க்காரத்தை வைப்பதற்கென்று ஓர் இடம் இருக்கிறதா? பல வீடுகளில் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பே அதற்கு இடமாக அமைந்துவிடுகிறது. அது வழுக்கித் தரையில் விழும். நீரில் கிடந்து கரையும். காசு கரைவது ஒருபுறமிருக்க, சவர்க்கார நீர் படிந்த வழவழப்பான சிமெண்டுத் தரையில் முதியவர் ஒருவர் கால் வைத்தால் என்னவாகும்? இடுப்பெலும்பு முறிந்த ஒருவரைக் கவனிக்க, குடும்பத்தில் மற்றொருவர் பல வாரங்கள் வேலைக்குச் செல்ல இயலாமற் போகும். வைக்குமிடம் இல்லாமை என்னும் சிறு குறை, ஒரு குடும்பத்தின் வருவாயையே பாதிக்கக்கூடும்.

இக்குறையைப் போக்கும் வழி நமக்குப் புதியதன்று. தமிழகத்து வீடுகளில் அகல் விளக்கை வைப்பதற்குச் சுவரிலேயே சிறு பள்ளம் விட்டுக் கட்டுவார்கள். அதனை மாடக்குழி என்றும், மாடம் என்றும், பிறை என்றும் வழங்குவர். இன்று வீடமைப்புப் பகுதிகளில் கட்டப்படும் வீடுகளிலும் குளியலறைச் சுவரில் இத்தகைய மாடத்தை அமைத்து, ஓடு பதித்து அழகுபடுத்துகிறார்கள். சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிராததால் அது தலையிலோ தோளிலோ இடிக்காது. சிறிய குளியலறையில் இடத்தையும் அடைக்காது.

முதலில் சுவரை அறிக

மாடத்தின் அழகை எண்ணுவதற்கு முன் சுவரின் கனத்தை அறிந்துகொள்ள வேண்டும். கதவு நிலையின் அருகில் அளந்து பார்த்தால் அது விளங்கிவிடும். ஒற்றைச் செங்கல் சுவரின் கனம் ஏறத்தாழ 4½ அங்குலம். இருபுறப் பூச்சையும் சேர்த்தால் 5½ அங்குலம் வரை இருக்கும். சவர்க்காரமும் ஒரு குப்பியும் வைப்பதற்கு 3½ அங்குல ஆழமாவது தேவை. ஒற்றைக் கல் சுவரில் அவ்வளவு ஆழம் தோண்டினால் மறுபுறத்தில் மெல்லிய ஓடு போன்ற பகுதியே எஞ்சும். அது விரிசல் கண்டு, நீர் கசியத் தொடங்கும். ஆகவே, 9 அங்குலச் செங்கல் சுவரில் மட்டுமே மாடம் தோண்ட எண்ணலாம்.

கீழ்க்காணும் இடங்களில் கட்டாயம் உளி வைக்கலாகாது:

தூண், உத்திரம் ஆகியவையும், அடுக்குமாடி வீடுகளின் கான்கிரீட் சுவர்களும் கட்டடத்தின் பாரத்தைத் தாங்குபவை, அவற்றைத் தொடக்கூடாது. தொடர் வீடுகளில் அண்டை வீட்டாருக்கும் உரிய நடுச் சுவரைத் தோண்டினால், நம் வீட்டு நீர் அவர் வீட்டிற்குள் கசியும், நல்லுறவும் கெடும். நீர்க்குழாயும் மின்கம்பியும் செல்லும் பகுதி ஆபத்தானது. வெந்நீர்க் கருவிக்கும் அதன் சுவிட்சுக்கும் மேலும் கீழும் உள்ள இடத்தைத் தவிர்க்க. பழைய வீடுகளில் அஸ்பெஸ்டாஸ் தகடு பொருத்திய சுவரை அறுப்பதோ துளைப்பதோ கூடாது. அதன் தூசி நுரையீரலுக்குப் பெருந்தீங்கு விளைவிக்கும்.

தோட்ட வீட்டில் வசிப்போர்

தோட்ட நிர்வாகம் வழங்கிய வீட்டில் வசிப்பவர்கள் மற்றொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். தொழிலாளர் வீடமைப்பு வசதிகள் பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டம், கட்டடங்களை நன்னிலையில் பராமரிக்கும் கடமையை முதலாளியின்மீது சுமத்துகிறது. அனுமதியின்றிக் கட்டட அமைப்பில் மாற்றம் செய்யப்படாமல் பார்த்துக்கொள்வதும் அவர் கடமையே. எனவே, நிர்வாகத்திடம் சொல்லாமல் சுவரை உடைக்கலாகாது. அதேபோன்று, குளியலறைச் சுவர் ஏற்கெனவே வெடித்தோ கசிந்தோ இருக்குமாயின், அதைப் பழுதுபார்த்துத் தருமாறு கேட்பதற்குத் தயங்கவும் வேண்டாம். பழுதுபார்க்கும் வேளையிலேயே ஒரு மாடத்தையும் கேட்டுப் பெறலாம்.

உடைக்காமலே ஒரு மாடம்

சுவரைத் தோண்ட இயலாதென்றால் மாடம் அமைக்கவே முடியாதென்று பொருளல்ல. தரைத் தளத்தில் உள்ள குளியலறையாயின், இருக்கும் சுவரை ஒட்டி ஒற்றைச் செங்கல்லால் நான்கடி உயரத்திற்கு ஒரு குட்டைச் சுவர் எழுப்பலாம். பழைய பூச்சைக் கொத்திக் கரடாக்கிய பின்னரே புதுச் சுவரைப் பிணைக்க வேண்டும். தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் ஓரடிச் சதுரமாக இடைவெளி விட்டு, அதன் மேல் இரும்புக் கம்பி வைத்த இரண்டங்குலச் சிமெண்டுப் பலகையை மூடியாக அமைக்கலாம். பழைய சுவரே மாடத்தின் பின்புறமாகிவிடும். எந்தச் சுவரும் பலவீனமடைவதில்லை. குட்டைச் சுவரின் மேல்தளம் பொருள் வைக்கும் திட்டாகவும் பயன்படும். இதற்குச் செலவாகும் இடம் ஐந்தங்குலமே. மேல்மாடி வீடுகளில் மட்டும் இவ்வாறு பாரம் ஏற்றலாகாது. அங்கே மூலையில் முக்கோணப் பலகை ஒன்றைப் பொருத்துவதே தகும்.

அளவும் இடமும்

நின்று குளிப்பவருக்கு மாடத்தின் அடித்தளம் முழங்கைக்கும் மார்புக்கும் இடையே, அதாவது தரையிலிருந்து மூன்று முதல் மூன்றரை அடி உயரத்தில் இருப்பது நலம். முக்காலியில் அமர்ந்து குளிக்கும் முதியவர்களுக்கும் சிறுவர்களுக்கும் இரண்டடி உயரத்தில் இன்னொரு சிறு மாடம் இருந்தால், அவர்கள் எட்டிப் பிடிக்க முயன்று சறுக்கி விழமாட்டார்கள். பூத்தூறல் குழாயின் நீர் நேராக விழும் சுவரைத் தவிர்த்துப் பக்கச் சுவரைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

பதிக்கப்போகும் ஓட்டின் அளவைப் பார்த்து மாடத்தின் அளவை முடிவு செய்வது அறிவுடைமை. ஓடுகள் சேரும் கோட்டிலேயே மாடத்தின் விளிம்பும் அமைந்தால், துண்டு ஓடுகள் குறையும். பார்வைக்கும் அழகாக இருக்கும்.

நீர் தங்கலாகாது, புகலாகாது

மாடத்தின் அடித்தளம் மட்டமாக இருக்கக்கூடாது. பின்புறம், முன்புறத்தைவிட இரண்டு தீக்குச்சிகளின் கனமளவு உயர்ந்திருந்தால் நீர் தானே வழிந்துவிடும். நீர் தேங்கினால் பாசி பிடிக்கும், சவர்க்காரம் கூழாகும். ஏடிஸ் கொசு முட்டையிடச் சிறிதளவு தேங்கிய நீரே போதும் என்பதையும், குளியலறைத் தொட்டியை வாரந்தோறும் தேய்த்துக் கழுவ வேண்டும் என்பதையும் இவ்விடத்தில் நினைவூட்டுகிறோம்.

ஓடு பதித்துவிட்டால் நீர் புகாது என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. ஓடு நீரைத் தடுக்கும்; ஓடுகளுக்கு இடைப்பட்ட பூச்சோ நாளடைவில் நீரை உள்ளே விடும். ஆகவே, ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் சேர்த்துப் பூசி, சில நாள்கள் ஈரம் காயாமல் காத்து, நன்கு உலர்ந்த பின் நீர்க்காப்புப் பூச்சை இருமுறை பூச வேண்டும். மூலைகளில் வலைத்துணி ஒட்டிப் பூசுவது சிறப்பு. அதன் பின்னரே ஓடு பதிக்க வேண்டும். வேலை முடிந்து எல்லாம் காய்ந்ததும், கால் மணி நேரம் நீரை ஊற்றிவிட்டு, மறுநாள் சுவரின் மறுபுறத்தைத் தொட்டுப் பாருங்கள். ஈரம் தென்படாவிட்டால்தான் கொத்தனாரின் வேலை நிறைவுற்றதாகும்.

வைக்கக்கூடாதவை

மாடம் கைக்கெட்டும் உயரத்தில் இருப்பதால் குழந்தையின் கைக்கும் எட்டும். பால் உறைய வைக்கும் அமிலம், களைக்கொல்லி, தரை கழுவும் காரத் திரவம் ஆகிய எதையும் அங்கு வைக்கலாகாது. அவற்றைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைப்பது அதனினும் கொடிது. அவை பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டியவை. சவர அலகையும் மாடத்தில் விட்டுச் செல்லாதீர்கள்.

சுவரை ஆராய்ந்து, உரியவரிடம் அனுமதி பெற்று, நீர் புகாமல் அமைக்கப்படும் மாடம் பல்லாண்டு நிலைக்கும். சொந்த வீடு கட்டவிருக்கும் அன்பர்கள், கொத்தனாருடன் பேசும் முதல் நாளிலேயே இதனைக் கூறிவிடுவார்களாக. கட்டும்போது விடும் இடைவெளிக்குச் செலவு மிகக் குறைவு. கட்டிய பின் உடைப்பதற்கோ செலவும் உண்டு, ஆபத்தும் உண்டு.