நலமுள்ள கணிப்பொறி நோயுற்றதாகத் தோன்றுவது ஏன்?

திருமலைத் தரிசனத்திற்கான 300 ரூபாய்ச் சீட்டுகள் இணையத்தில் வெளியிடப்படும் வேளையில், ஏராளமானோர் ஒருங்கே விண்ணப்பிக்கின்றனர். இத்தகைய நெரிசலை ஒரு கணிப்பொறி தாங்காது. ஆதலின் பெரிய சேவைகளில் ஒரே நிரல் பல கொள்கலன்களில் இயக்கப்படுகிறது. அவை வெவ்வேறு இடங்களில் தொகுதிகளாக அமைவதும் உண்டு. வருவோரை அவற்றிற்குப் பங்கிட்டு அனுப்புவது சுமைப்பகிர்வி. அது சில விநாடிகளுக்கு ஒருமுறை ஒவ்வொன்றையும் 'நலமா?' என வினவும். தொடர்ந்து விடை வராவிடில் அங்கு எவரையும் அனுப்பாது.

ஒரு தொகுதி முழுவதும் நோயுற்றதெனக் காட்டப்படின், மூன்றினை வரிசையாக ஆராய்தல் வேண்டும். முதலாவது, நிரல்: கொள்கலனுக்குள்ளிருந்தே வினவி விடை கிடைப்பின் நிரல் இயங்குகிறது என்பது தெளிவு. இரண்டாவது, வழி: கூகுள் மேகச் சேவையில் இவ்வினாக்கள் 35.191.0.0/16, 130.211.0.0/22 ஆகிய முகவரித் தொடர்களிலிருந்து வருவன. புதிய தொகுதியின் தீயரண் இவற்றைத் தடுத்தல் கூடும். மூன்றாவது, விடையின் எண்: கொள்கலன்களை நிர்வகிக்கும் குபர்னெட்டிஸ் 200 முதல் 399 வரை நலமென ஏற்கும், கூகுள் பகிர்வியோ 200 ஒன்றையே ஏற்கும். ஆகவே, வேறு பக்கத்திற்குத் திருப்பும் 302 என்னும் விடை அதற்கு நோயின் அறிகுறியாம்.

சோதனையையே தளர்த்திவிடுதல் பரிகாரமன்று. அவ்வாறு செய்யின், உண்மையிலேயே பழுதுற்ற கொள்கலனுக்கும் மக்கள் அனுப்பப்பட்டுச் சீட்டின்றித் திரும்ப நேரிடும்.